ஸ்டீயரிங்கைத் திருப்பும் எண்ணெய்

திருச்சி–சிதம்பரம் தேசிய நெடுஞ்சாலையும் அரியலூர்–தஞ்சாவூர் சாலையும் கீழப்பழுவூரில் சந்திக்கின்றன. வரலாறு படிப்பவர்களுக்கு இது பழுவேட்டரையர்களின் ஊர், ஆலந்துறையார் கோயில் இருக்கும் ஊர். சந்திப்பில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு இது லாரிகளின் ஊர். கல்லக்குடிக்குப் பக்கத்தில் 1939இல் டால்மியா சிமெண்ட் ஆலை வந்தது. 1979இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தனியார் ஆலைகள். இந்த மண்ணுக்கு அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்துக் கடலின் அடித்தளம். அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் புதைபடிவங்களைப் பக்கத்திலுள்ள வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்தக் கடல்தான் இன்று டிப்பர்களில் ஏறி ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

சுமையோடு வரும் டிப்பர் ஒன்று சந்திப்பில் திரும்புவதைக் கவனியுங்கள். முன் அச்சின் மேல் மட்டும் 6, 7 டன் எடை இருக்கும். அதைத் தாங்கும் இரண்டு டயர்களும் தார்ச்சாலையில் உரசியபடி திரும்ப வேண்டும். ஓட்டுநரோ ஒரு கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றிக்கொண்டு, மறு கையால் எதிரே வரும் பேருந்துக்குச் சைகை காட்டுகிறார். சக்கரத்தைத் திருப்புவது அவருடைய தோள்வலு அல்ல, எண்ணெய். அந்த எண்ணெயைப் பம்பிலிருந்து ஸ்டீயரிங் பெட்டிக்குக் கொண்டுபோவது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு ரப்பர் ஹோஸ்.

கார்களில் இந்த ஹோஸ் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. 1988இல் ஜப்பானின் சுசூகி செர்வோ என்ற சிறிய காரில் மின்மோட்டார் ஸ்டீயரிங் வந்தது. இன்று ஷோரூமிலிருந்து வெளிவரும் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மோட்டார்தான் அந்த வேலையைச் செய்கிறது. பம்ப் இல்லை, எண்ணெய் இல்லை, ஹோஸும் இல்லை. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பவர் ஸ்டீயரிங் ஹோஸைக் கழற்றிய அனுபவமே இல்லாதவராக இருக்கலாம். ஆனால் லாரியிலும் டிராக்டரிலும் பொக்லைனிலும் ஹைட்ராலிக்ஸ் இன்னும் கோலோச்சுகிறது. ஒரு பழைய காரின் ஹோஸை மாற்ற வேண்டுமென்றால், அந்தக் கைவேலை தெரிந்தவர்களைச் சிமெண்ட் லாரி ஓடும் ஊர்களில் தேடுவதே புத்திசாலித்தனம். ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு: லாரிக்கும் பொக்லைனுக்கும் பொருந்தும் ஹோஸ் காருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

கதை ஒரு லாரியிலிருந்தே தொடங்குகிறது. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் பியர்ஸ்-ஏரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் வேலை பார்த்தவர். கனரக வண்டி ஓட்டுபவர்கள் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் ஊரில் பட்டறை போட்டு, 1926இல் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் பொருத்திய காரைக் கார் நிறுவனங்களுக்கு ஓட்டிக் காட்டினார். அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைத்திருக்கும் ஏற்பாட்டை அவர் விரும்பவில்லை. எண்ணெய் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கட்டும், ஸ்டீயரிங் திரும்பும் நொடியில் மட்டும் வால்வு அதன் வழியைக் குறுக்கி அழுத்தத்தை ஏற்றட்டும் என்பது அவருடைய யோசனை. ஏறத்தாழ நூறு ஆண்டு ஆகிவிட்டது. கீழப்பழுவூரில் திரும்பும் டிப்பரும் இன்றைக்கு அந்த யோசனையில்தான் ஓடுகிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, 1934இல் செலவைக் காரணம் காட்டிக் கைவிட்டது. இரண்டாம் உலகப் போரில் ராணுவ வண்டிகளுக்குப் பவர் ஸ்டீயரிங் பயன்பட்டது. கடைக்கு வந்த முதல் பவர் ஸ்டீயரிங் கார் 1951ஆம் ஆண்டின் கிரைஸ்லர் இம்பீரியல். டேவிஸின் சில காப்புரிமைகள் காலாவதியான பிறகு வந்த கார் அது. இன்னொரு தகவலையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். டேவிஸ் தம் காரை ஓட்டிக் காட்டிய 1926இல் எண்ணெயைத் தாங்கும் ரப்பர் சந்தையில் கிடையாது. நியோப்ரீன் 1930இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் பிறந்தது. நைட்ரைல் ரப்பரை ஜெர்மானிய வேதியியலாளர்கள் உருவாக்கியதும் அதே காலத்தில்தான். 1951இல் இம்பீரியல் வந்தபோது இரண்டுமே சந்தையில் இருந்தன. கண்டுபிடிப்பாளரின் பெயரை வரலாறு நினைவில் வைக்கிறது, அவருடைய இயந்திரம் நம்பகமாக ஓடக் காரணமான ரப்பரை மறந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. எண்ணூரின் அசோக் லேலண்ட் 1969இலேயே கனரக வண்டியில் பவர் ஸ்டீயரிங்கை அறிமுகப்படுத்தியது. 1987இல் ரானே குழுமம் அமெரிக்காவின் டிஆர்டபிள்யூ நிறுவனத்தோடு சேர்ந்து பவர் ஸ்டீயரிங் தயாரிப்பதற்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் ஆலைகளில் ஒன்று திருச்சிக்குத் தெற்கே விராலிமலையில் இருக்கிறது. கார்களின் கதை வேறு. நம் சாலைகளை அரை நூற்றாண்டு ஆண்ட அம்பாசடர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பவர் ஸ்டீயரிங் கிடையாது. அவற்றை ஓட்டியவர்களின் தோள்களே சாட்சி. பணக்காரர்களும் திரைத்துறையினரும் இறக்குமதி செய்த இம்பாலா போன்ற அமெரிக்கக் கார்களிலும், பிற்பாடு மெர்சிடஸ் கார்களிலும் அது இருந்தது. 1995இல் புனேயில் உற்பத்தி தொடங்கிய மெர்சிடஸ் டபிள்யூ124 கார்களுக்கு இப்போது ஏறத்தாழ முப்பது வயது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிகள் 50 ஆண்டைத் தாண்டிய கார்களை விண்டேஜ் வண்டிகளாகப் பதிவு செய்ய வழி செய்கின்றன. எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். காருக்கு அங்கீகாரம் கிடைக்கிறது. அதன் ரப்பருக்கு வயது கூடிக்கொண்டே போகிறது.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் பம்பைச் சுழற்றுகிறது. ஸ்டீயரிங் தண்டுக்கு அடியில் முறுக்கினால் லேசாக முறுகும் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி இருக்கும். ஓட்டுநர் திருப்பும்போது கம்பி ஓரிரு டிகிரி முறுகும். அந்தச் சிறு அசைவு வால்வைத் திறந்து, எண்ணெயைப் பிஸ்டனின் ஒரு பக்கம் தள்ளும். நேராக ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் சில பார் மட்டுமே. நின்ற இடத்தில் முழுதாகத் திருப்பினால் காரில் 70 முதல் 100 பார் வரை ஏறும். லாரியில் அதற்கும் மேல். ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ எடை. 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள லாரிப் பிஸ்டனின் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர். 100 பார் அழுத்தத்தில் அதைத் தள்ளும் விசை 5 டன். ஓட்டுநர் ஒரு கையை விட்டுச் சைகை காட்ட முடிவது இதனால்தான்.

அதே கணக்கை ஹோஸுக்குப் போடுங்கள். உள்விட்டம் ஒரு சென்டிமீட்டர், அழுத்தம் 100 பார் என்றால், ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்திலும் ஹோஸை இரண்டாகப் பிளக்கப் பார்க்கும் விசை 100 கிலோ. ஒரு சாண் நீள ஹோஸில் இரண்டு டன்னுக்கு மேல். ரப்பர் மட்டும் இதைத் தாங்காது. ஹோஸின் உள்ளே எண்ணெயைத் தொடும் ரப்பர்க் குழாய், அதன்மேல் நைலான் அல்லது பாலியஸ்டர் இழைப் பின்னல், அதற்கும் மேல் வெயிலையும் காற்றையும் எதிர்கொள்ளும் ரப்பர் உறை என்று அடுக்குகள் இருக்கும். சிலவற்றில் இரண்டு பின்னல்கள். சுமையைத் தாங்குவது பின்னல், கசியாமல் காப்பது ரப்பர்.

பின்னலின் கோணம் ஓர் அழகான கணக்கு. அழுத்தத்தில் இருக்கும் உருளையைச் சுற்றுவாட்டில் பிளக்கப் பார்க்கும் இழுவிசை, நீளவாட்டில் இழுக்கும் விசையைப்போல் சரியாக இரண்டு மடங்கு. இழைகள் இரண்டையும் ஒருசேரத் தாங்க வேண்டுமானால், ஹோஸின் நீள அச்சோடு அவை 54.7 டிகிரி கோணத்தில் ஓட வேண்டும். அந்தக் கோணத்தில் பின்னிய ஹோஸ் அழுத்தம் ஏறினாலும் நீளவும் செய்யாது, குறுகவும் செய்யாது. கோணம் அதைவிடக் குறைந்தால் ஹோஸ் பருத்து நீளத்தில் சுருங்கும். கூடினால் மெலிந்து நீளும். தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே சற்று விலகுவதும் உண்டு. அதனால் எந்த ஹோஸையும் இழுத்துக் கட்டக் கூடாது. அழுத்தத்தில் நீளம் சில சதவீதம் மாறும். எஞ்சினும் தன் ரப்பர் மவுண்டில் அசையும். இரண்டுக்கும் இடம் விட வேண்டும்.

இனி, காரின் ஹோஸ் லாரியின் ஹோஸிலிருந்து பிரியும் இடம். பம்பின் உள்ளே சுழலும் தகடுகள், பெரும்பாலும் பத்து, எண்ணெயைச் சிறு சிறு பொட்டலங்களாகத் தள்ளுகின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றில் நிற்கும்போது பம்பும் அதே வேகத்தில் சுழன்றால், நொடிக்கு 150 துடிப்புகள் எண்ணெயில் ஓடும். இந்தத் துடிப்புகள் அப்படியே ஸ்டீயரிங் பெட்டியை அடைந்தால் ஓட்டுநரின் கையில் அதிர்வு, காதில் ரீங்காரம். கார் ஹோஸ் வேண்டுமென்றே கொஞ்சம் நெகிழ்வாகச் செய்யப்படுவது இதற்காகத்தான். ஒவ்வொரு துடிப்பிலும் அது துளி பருத்து, துளி சுருங்கி, அதிர்வை விழுங்குகிறது. சில கார்களின் ஹோஸுக்குள் சுருள் உலோகத்தாலான மெல்லிய உள்குழாய் ஒன்று இருக்கும். துடிப்பின் அலைநீளத்துக்கு ஏற்ப அளந்து வைத்த அந்தக் குழாய், எதிரொலிக்கும் அலையால் மூல அலையை அடக்குகிறது. பழைய ஹோஸை அறுத்துப் பார்க்கும் கடைக்காரர் சிலர் அதை அடைப்பு என்று நினைத்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிறகு வண்டி ஏன் கத்துகிறது என்று யாருக்கும் புரிவதில்லை.

பொக்லைனுக்கான இரட்டை எஃகுக் கம்பிப் பின்னல் ஹோஸ் பலத்தில் கார் ஹோஸை மிஞ்சும். பத்து மில்லிமீட்டர் அளவில் 300 பாருக்கு மேல் தாங்கும். எனவே அதைப் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று தோன்றும். தோன்றுவது தவறு. அது விறைப்பானது, துடிப்பை விழுங்காது. அதை வளைக்க 13 சென்டிமீட்டர் ஆரம் வேண்டும். பழைய காரின் எஞ்சின் அறையில் அவ்வளவு இடம் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் 100 டிகிரி செல்சியஸுக்கு என்றே செய்யப்பட்டது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஓடும் ஸ்டீயரிங் ஹோஸ் அதைத் தாண்டும் தருணங்கள் உண்டு. லாரியில் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே ரீங்காரம் ஒரு பொருட்டில்லை, இடமும் தாராளம். காருக்கு எஸ்ஏஇ ஜே188 தரத்தில், பவர் ஸ்டீயரிங்குக்கென்றே செய்த, நெகிழ்வுள்ள ஹோஸ் வேண்டும். கடையில் அந்த எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

எண்ணெய்க்கும் ரப்பருக்கும் உள்ள உறவு வேதியியல் பாடத்தில் மிக முக்கியமான ஒரு பக்கம். இயற்கை ரப்பரும் கனிம எண்ணெயும் ஒரே சாதி ஹைட்ரோகார்பன்கள். ஒன்று மற்றொன்றில் கரையத் துடிக்கும். இயற்கை ரப்பரைக் கனிம எண்ணெயில் போட்டால் ஊறவைத்த கொண்டைக்கடலை போல உப்பி, வலுவிழந்துவிடும். நைட்ரைல் ரப்பரின் மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்த அக்ரிலோநைட்ரைல் துண்டுகள் கோக்கப்பட்டிருக்கின்றன. எண்ணெய்க்கு அவற்றோடு ஒட்டுறவு இல்லை. அந்தத் துண்டுகளின் விகிதம் கூடக் கூட எண்ணெய் எதிர்ப்பு கூடும், ஆனால் குளிரில் விறைக்கும். அரியலூருக்கு அந்தக் கவலை இல்லை.

பிரேக் எண்ணெயின் குணம் இதற்கு நேர் எதிர். டாட் 3, டாட் 4 என்று விற்கும் பிரேக் எண்ணெய் கிளைகால் வகை. அது நைட்ரைல் ரப்பரைத் தாக்கும். பிரேக் சிலிண்டரின் ரப்பர் வாஷர்களோ பிரேக் எண்ணெயைத் தாங்கும், கனிம எண்ணெயில் உப்பிவிடும். ஸ்டீயரிங் எண்ணெய் நிற்கும் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறது என்று கைக்குக் கிடைத்த பிரேக் எண்ணெயை ஊற்றுவது, பம்ப் சீல், ஹோஸ், பெட்டி சீல் அனைத்தையும் ஒருசேரக் கொல்வதற்குச் சமம். பல பழைய கார்களுக்கு உரியது சிவப்பு நிற ஏடிஎஃப் (தானியங்கி கியர் பெட்டி எண்ணெய்), சிலவற்றுக்கு வேறு. டப்பா மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ எழுதியிருப்பதை மட்டும் ஊற்றுங்கள்.

பழைய காரை வைத்திருப்பவர்கள் பொதுவாகச் சொல்வது இது: "வண்டி ஓடியதே ரொம்பக் குறைவு, ஹோஸ் நல்லாத்தான் இருக்கும்." பிரேக் லைனிங்குக்கு இந்தக் கணக்கு ஓரளவு செல்லும். ஹோஸுக்குச் செல்லாது. ரப்பர் முதிர்வது கிலோமீட்டரால் அல்ல, வெப்பத்தாலும் ஆக்சிஜனாலும் ஓசோனாலும். ஆக்சிஜன் ரப்பரின் சங்கிலிகளுக்கு இடையே புதுப்புது முடிச்சுகளைப் போட்டு விறைக்கச் செய்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிய தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால், எக்ஸாஸ்டுக்கு அருகே 30 டிகிரி கூடுதல் சூட்டில் கிடக்கும் ஹோஸ் எட்டு மடங்கு வேகத்தில் கிழடு தட்டும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் அரியலூர் மாவட்டத்தில், பானட் மூடிய எஞ்சின் அறை வண்டி நின்ற பிறகும் நெடுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஓசோனின் வேலை இன்னும் நுட்பம். நாம் சுவாசிக்கும் காற்றில் அது நூறு கோடியில் சில பத்துப் பங்குதான். அது போதும், இழுபட்டு நிற்கும் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை வெட்ட. இழுவிசைக்குக் குறுக்கே மயிரிழை வெடிப்புகள் தோன்றும். ஹோஸ் வளையும் இடத்தில் வெளிப்புற விளிம்பில் முதலில் வெடிப்பு விடுவது இதனால்தான். வயலோரம் வெயிலில் நிற்கும் டிராக்டர்களின் ஸ்டீயரிங் ஹோஸைப் பாருங்கள். வெடிப்புகள் தெளிவாகத் தெரியும். பிறகு சாலைப் புழுதி. சுண்ணாம்புக்கல் மென்மையானது, ஆனால் சாலைச் செம்மண்ணில் கலந்த குவார்ட்ஸ் மணல், ரப்பரை மட்டுமல்ல, எஃகையும் அரிக்கும். க்ளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில் அது புகுந்து, வண்டியின் அதிர்வோடு சேர்ந்து, உறையை மெல்ல மெல்லத் தேய்த்துப் பின்னல் இழையை வெளியே கொண்டுவந்துவிடும்.

ஓடாமல் நிற்கும் காருக்கு இன்னொரு கேடு உண்டு. ஹோஸின் முனையில் அழுத்தி இறுக்கிய (கிரிம்பிங்) உலோகக் கொப்பிக்குள் இறுகிக் கிடக்கும் ரப்பர், ஆண்டுக்கணக்கில் அழுத்தப்பட்டே இருந்து, மீண்டெழும் குணத்தை இழக்கும். அங்கே முதலில் ஈரம் கசியும்; ஈரத்தில் புழுதி ஒட்டும். கொப்பியின் கழுத்தில் கறுப்பு வளையம் தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பம்ப் கத்துகிறது என்றால் பழியை உடனே பம்பின் மேல் போடாதீர்கள். டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சும் ஹோஸில் க்ளிப் தளர்ந்திருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். டப்பாவைத் திறந்தால் எண்ணெய் நுரைத்திருக்கும். இன்னொரு மறைவான கோளாறும் உண்டு. உள் ரப்பர் உரிந்து, ஒரு வால்வு போல வழியை மறிக்கும். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இருக்காது. ஸ்டீயரிங் மட்டும் கனக்கும், அல்லது திரும்பி நேராக வர மறுக்கும். இருபது, முப்பது வயது ஹோஸில் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஹோஸ் வெடித்தால் என்ன ஆகும்? ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாது. பற்சக்கரத் தொடர்பு அப்படியே இருக்கும். ஆனால் ஒரு நொடிக்கு முன் விரலால் திருப்பியதை இப்போது இரு கையாலும் இழுக்க வேண்டும். எதிர்பாராத ஓட்டுநருக்கு, வளைவில், அந்த ஒரு நொடி பெரிது. பீறிட்ட எண்ணெய் சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கலாம். தீயணைப்பானைப் பக்கத்தில் வைக்காமல் கசியும் ஹோஸோடு எஞ்சினை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கசிவு எங்கே என்று அறிய, ஓடும் எஞ்சினில் ஹோஸைக் கையால் தடவாதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. 7 பார் அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும் என்பார்கள், இங்கோ 70, 80 பார். முதலில் முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலி பெரிதாகத் தெரியாது. உள்ளே ஏறிய எண்ணெய் தசையைச் சிதைக்கும். தாமதித்தால் விரல் போகும், கையும் போகலாம். துணி சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், உயர் அழுத்த எண்ணெய் கைக்குள் ஏறிவிட்டது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். ஹோஸுக்கு எதிரே நீட்டிப் பிடித்தால் ஈரக்கோடு விழும்.

மாற்றும் வேலைக்கு வருவோம். எஞ்சின் ஆறட்டும். எதையும் கழற்றும் முன் மூட்டுகளைச் சுற்றிக் கழுவித் துடைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பம்பின் தகடுகளுக்கும் சுவருக்கும் இடையேயுள்ள இடைவெளி மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு. ஒரு சிட்டிகை சாலை மணல் அதற்குப் போதும். டப்பாவிலிருக்கும் எண்ணெயைப் பெரிய ஊசிக் குழலால் உறிஞ்சி எடுங்கள். நட்டைக் கழற்றச் சாதாரண ஸ்பேனர் வேண்டாம். நட்டின் ஆறு பக்கத்தையும் ஏறக்குறைய முழுதாகப் பற்றும் லைன் ஸ்பேனர் வேண்டும். முப்பது ஆண்டு இறுகிய நட்டு சாதாரண ஸ்பேனரில் உருண்டையாகிவிடும். முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் தெளித்து ஊறவிடுவது நல்லது. திருகும்போது எதிர்ப் பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் உலோகக் குழாய் முறுகும். எல்லாத் திறப்பையும் உடனே மூடுங்கள்.

எண்ணெய் ஓட நடுவே துளையிட்ட பாஞ்சோ போல்ட் உள்ள வண்டிகளில் இரு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டியாகிவிடும், மறுமுறை சரியாக அமராது. பழைய மெக்கானிக்குகள் அதைச் செந்தணலாகக் காய்ச்சி ஆறவைத்து மீண்டும் போடுவார்கள். சூட்டில் செம்பின் படிகங்கள் புதிதாக உருவாகி மென்மை திரும்புகிறது. அறிவியல்படி முற்றிலும் சரியான கைவேலை அது. ஆனாலும் புது வாஷர் கிடைக்கும்போது புதியதையே போடுங்கள். ஓ-ரிங் உள்ள மூட்டில் அதே ஸ்டீயரிங் எண்ணெயைத் தடவி அமர்த்துங்கள். டெஃப்லான் டேப் மட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டுக் குழாயில் கசிவை அடைக்கும் அந்த டேப், இங்கே நூல் நூலாகப் பிரிந்து வால்வில் போய்ச் சிக்கும். இந்த மூட்டுகளில் கசிவைத் தடுப்பது மரை அல்ல. முனையிலுள்ள கூம்பும் வாஷரும் ஓ-ரிங்கும்தான்.

புது ஹோஸைப் பொருத்தும் முன் உள்ளே காற்றடியுங்கள். அறுத்தபோது விழுந்த ரப்பர்த் தூள் இருக்கும். ஹோஸின் மேல் நீளவாக்கில் அச்சிட்ட கோடு நேராக ஓட வேண்டும். கோடு சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுகியிருக்கிறது, முறுகிய ஹோஸ் நெடுநாள் உழைக்காது. எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, பழைய க்ளாம்ப் இருந்த இடத்திலேயே பிடிமானம் கொடுங்கள். அழுத்த ஹோஸை மாற்றும்போது திரும்பும் ஹோஸையும் உறிஞ்சும் ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒரே வயதுள்ளவை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். 1960களின் மஸ்டாங், கார்வெட் போன்ற கார்களில் வால்வும் உருளையும் தனித்தனியாக இருக்கும், அழுத்தமும் திரும்புதலுமாக நான்கு ஹோஸ்கள் தொங்கும். எது எங்கே போகிறது என்று கழற்றும் முன்பே படம் எடுத்து வைக்கவில்லை என்றால் திண்டாட்டம்தான்.

கடைசியாகக் காற்றை வெளியேற்ற வேண்டும். முன் சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினை ஓட்டாமலே டப்பாவில் எண்ணெய் ஊற்றி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகப் பல முறை திருப்புங்கள். அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகு எஞ்சினை ஓட்டி மறுபடியும் அதையே செய்யுங்கள். அவசரப்பட்டு முதலிலேயே எஞ்சினை ஓட்டினால் பம்ப் காற்றையும் எண்ணெயையும் சேர்த்துக் கடைந்து நுரையாக்கிவிடும். பிறகு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். முழுதாகத் திருப்பிய நிலையில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். அந்த நிலையில் எண்ணெய் காப்பு வால்வு வழியே பம்புக்குள்ளேயே சுற்றி, எஞ்சின் பம்புக்குக் கொடுக்கும் ஆற்றல் முழுவதும் சூடாக மாறும். புது ஹோஸுக்கு இது கெட்ட தொடக்கம். இது தினசரி ஓட்டத்துக்கும் பொருந்தும்.

பழைய காருக்குக் கம்பெனி ஹோஸ் கிடைக்காமல் போவது சகஜம். நல்ல வேளையாக, ஹோஸில் கிடைக்காதது பெரும்பாலும் முனைகள்தான், ரப்பர் அல்ல. வளைந்த எஃகுக் குழாயும் அதன் தனித்த மரையும் அந்தக் காருக்கென்றே செய்தவை. லாரி ஊர்களின் ஹோஸ் கடைகளில் கிரிம்பிங் இயந்திரம் உண்டு. பழைய கொப்பியை அறுத்தெடுத்து, அதே எஃகு முனையில் புதிய பவர் ஸ்டீயரிங் ஹோஸைச் செருகிப் புதுக் கொப்பி போட்டு அழுத்தித் தருவார்கள். வண்டியில் பொருத்தும் முன் கடையிலேயே அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். முனைகளுக்காகவேனும் கழற்றிய பழைய ஹோஸை மெக்கானிக் ஷெட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். எந்தக் கார், எந்த ஆண்டு, எவ்வளவு நீளம், இரு முனைகளுக்கும் இடையே என்ன கோணம் என்று ஒரு சீட்டில் எழுதி, அதோடு கட்டி வீட்டில் வையுங்கள். அதே காரை வைத்திருக்கும் இன்னொருவர் கேட்டால், மாதிரிக்குக் கொடுங்கள்.